பாஸ்டரின் குடுவை எதை நிரூபித்தது?

கேள்வி: இறுக மூடிய டப்பாவிலும் பயற்றில் வண்டு வருவதைப் பார்த்து, உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தோன்றும் என்று நம்பியவர்களை லூயி பாஸ்டர் அன்றே பொய்யாக்கிவிட்டார். உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று நிரூபித்த அதே அறிவியல், முதல் உயிர் மட்டும் சடப்பொருளிலிருந்து தோன்றியது என்பது முரண்பாடு அல்லவா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: முரண்பாடு இல்லை. பாஸ்டர் எந்தக் கேள்விக்கு விடை கண்டார் என்பதைப் பார்க்காமல், அவர் ஆராயாத கேள்விக்கும் அந்த விடையையே தாங்கள் பொருத்தியிருக்கிறீர்கள்.

தாங்கள் சொன்ன பயற்றையே எடுத்துக்கொள்வோம். வண்டு விழுந்த பச்சைப்பயற்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், தோலின் மேல் குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருப்பது தெரியும். அவை பயறு வண்டின் முட்டைகள். முட்டையிலிருந்து வரும் புழு தோலைத் துளைத்து உள்ளே போய், பருப்பைத் தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டமான ஓட்டை வழியே வெளியேறுகிறது. வயலில் காய் முற்றும்போதே முட்டை விழுந்துவிடுவதால் டப்பாவின் மூடி அதைத் தடுப்பதில்லை. வியர்வையில் பிறப்பன என்று ஓர் உயிர்வகையையே நம் முன்னோர் வகுத்து, பேனை அதில் சேர்த்தார்கள்; ஆனால் தலைமயிரில் ஒட்டியிருக்கும் ஈர்தான் பேனின் முட்டை. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி 1668-இலேயே, இறைச்சி வைத்த சாடியின் வாயை மெல்லிய துணியால் மூடி, ஈ முட்டையிடாத இறைச்சியில் புழு வருவதில்லை என்று காட்டிவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பற்றிய வழக்குதான் பாஸ்டர் காலம்வரை நீடித்தது. அவர் ஈஸ்டுச் சாறும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடுவையில் ஊற்றி, அதன் கழுத்தைத் தீயில் இளக்கி அன்னத்தின் கழுத்தைப் போல வளைத்து நீட்டினார். பிறகு கொதிக்க வைத்தார். கழுத்தின் நுனி திறந்தே இருந்ததால் காற்று தடையின்றிப் போய்வந்தது. தூசி மட்டும் வளைவில் தங்கியது. நீர் மாதக்கணக்கில் தெளிவாகவே இருந்தது. குடுவையைச் சாய்த்து, வளைவில் கிடந்த தூசியை நனைத்துவிட்டு மறுபடி நிமிர்த்தினால், சில நாட்களில் கலங்கியது. நுண்ணுயிர்கள் தூசியோடு வந்தவை என்பதையும், கொதித்த சாற்றில் அவை தாமாக முளைப்பதில்லை என்பதையும் இந்தச் சோதனை ஐயமற நிறுவியது. 1862-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இதற்குப் பரிசளித்தது. அறுவை சிகிச்சையில் கிருமி நீக்கத்துக்கு வழிகாட்டிய இந்த வேலையின் பெருமையை நான் சிறிதும் குறைக்கவில்லை. ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகளில், வேறொரு வளிமண்டலத்தின் கீழ் என்ன நடந்திருக்கும் என்பதை அந்தக் குடுவை சோதிக்கவே இல்லை.

உயிரிலிருந்து மட்டுமே உயிர் வரும் என்பதை விதிவிலக்கற்ற விதியாகக் கொண்டால் தங்கள் வாதமே நிற்காது. ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பூமி, தொடக்கத்தில் உருகிய பாறையாகக் கொதித்துக் கிடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், ஏறக்குறைய 350 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற படிவங்கள் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் உயிர் எங்கிருந்தோ தொடங்கியாக வேண்டும். வேறு கோளிலிருந்து வந்தது என்றாலும், அங்கே எப்படித் தோன்றியது என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்தத் தொடக்கத்தைத் தேடும் வேலையில் ஸ்டான்லி மில்லர் 1953-இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்ச, ஒரு வாரத்தில் நீர் செந்நிறமானது; அதில் புரதங்களைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்கள், கிளைசின் முதலியவை, இருந்தன. ஆதி வளிமண்டலம் அதே கலவையாக இருந்திருக்காது என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டதால், இப்பொருள்கள் உயிரின் துணையின்றி உருவாகும் என்பதில் ஐயமில்லை. உயிரணுக்களில் உள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூறு மரபுச் செய்தியைச் சுமப்பதோடு வேதிவினைகளையும் தானே தூண்டவல்லது என்று கண்டதற்காகத் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1989-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இவற்றிலிருந்து தன்னைத் தானே படியெடுத்துப் பெருகும் ஓர் உயிரணுவை இன்றுவரை எவரும் ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டவில்லை. இதை மறைக்கும் பாடநூல்கள் மாணவருக்குத் தீங்கு செய்கின்றன. ஆனால், இன்னும் செய்து காட்டப்படாததை நடக்கவே முடியாதது என்று சொல்வதும் அதே அளவு தவறு.

அப்படியானால் இன்று ஏன் புதிதாக உயிர் தோன்றுவதில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். 1871-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே டார்வின் இதைத் தொட்டிருக்கிறார்: வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் உயிருக்கு மூலமாகும் பொருள் இன்று உருவானாலும், ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் அதை உடனே தின்றுவிடும். ஆதி பூமியின் காற்றில் அநேகமாக இல்லாத ஆக்சிஜனும் இன்று அத்தகைய பொருள்களைச் சிதைக்கிறது. பாஸ்டரின் குடுவைக்குள் போய்வந்ததும் அந்த ஆக்சிஜன் நிறைந்த காற்றுதான்.