பால் கூட்டும் ஊசி போன்றவற்றைத் தடை செய்தால் பண்ணையாளருக்கு லாபமா, நட்டமா?

தடை என்றாலே நட்டம் என்று சொல்லிவிட முடியாது. பால் விலை எங்கே முடிவாகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆர்பிஎஸ்டி ஹார்மோன் ஊசியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா 1993-இல் அனுமதித்தது. கனடா 1999-இல் மறுத்துவிட்டது. கன்று ஈன்று 9, 10 வாரம் ஆனபின் 14 நாளுக்கு ஒருமுறை போடுவது. 30 லிட்டர் கறக்கும் மாடு 33 கறந்தால், அந்த 3 லிட்டரும் சும்மா வராது. மாடு கூடுதலாகத் தின்னும், ஊசிக்குக் காசு, மடிநோய் வந்தால் மருந்துச் செலவு. மருந்து கலந்த பாலைக் கீழே கொட்டவும் வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவதைத்தான் தடை பறிக்கிறது. தீவனத்தைச் சரியாகக் கொடுக்காத பண்ணையில் மிச்சமே இருக்காது.

இனி சந்தை. பால் விலை ஏறினாலும் மக்கள் வாங்குவதை அதிகம் குறைப்பதில்லை. தேவை நெகிழ்ச்சி (விலை 1% ஏறினால் வாங்குவது எத்தனை % குறையும் என்ற அளவு) 0.4 என்று வைத்தால், வரத்து 2% குறைய விலை சுமார் 5% ஏறும். மொத்த வரவு ஏறக்குறைய 3% கூடும். தடை எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால் பண்ணையாளர்கள் கூட்டாகத் தப்பிவிடுவார்கள், சுமை நுகர்வோர் தலையில் விழும். ஊசியை முதலில் பிடித்துக்கொண்டு முன்னேறியவருக்கு மட்டும் அடி.

ஆனால் வெளிநாட்டுப் பால்பவுடர் தாராளமாக உள்ளே வந்தால் இந்தக் கணக்கு குப்புற விழும்: வரத்து குறைந்தாலும் விலை ஏறாது. கனடா மாதிரி கோட்டா, அதாவது ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவு பால்தான் விற்கலாம் என்ற வரம்பு, இருந்தால் கதை வேறு. விற்கும் அளவு மாறாது. அதே பாலுக்குக் கூடுதலாகச் சில மாடுகளைக் கட்டி வளர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.