போர்வெல் ஹோஸ் ஆகுமா?

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் செய்கிறேன். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரின் ஹோஸ் வெடித்துவிட்டது. இங்கே போர்வெல் வண்டிகளுக்கு ஹோஸ் போடுபவரிடமே மாற்றலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. அவர் கைத்திறமையில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹோஸ் வழியே யாரும் மூச்சு விடுவதில்லை. டைவிங்குக்கென விற்பதை வாங்கி நீங்களே மாட்டலாம். சிலிண்டர் வால்வை மூடி, மிச்சக் காற்றை வெளியேற்றி, ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகே ஸ்பானரைத் தொடுங்கள். ஹோஸின் மரை துளைக்குப் பொருந்த வேண்டும்: இப்போதைய ரெகுலேட்டர்களில் மூச்சுக்குப் போகும் குறை அழுத்தத் துளை பெரும்பாலும் 3/8 அங்குலம், காற்றழுத்த மீட்டருக்குப் போகும் உயர் அழுத்தத் துளை 7/16. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிதாக, பொட்டளவு சிலிகான் கிரீஸ். கையால் முழுக்கத் திருகி, ஸ்பானரால் லேசாக இறுக்கினால் போதும். பித்தளை மரை, லாரி வீல் நட்டு மாதிரி மிதித்தால் போச்சு! பிறகு சிலிண்டரில் மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் கடலுக்குப் போகாதீர்கள். மற்ற ஹோஸ்களிலும் முனையிலுள்ள ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும்.