புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை வலி இழுக்கிறது. ஜவ்வு விலகல்தானா? படுத்தே கிடக்க வேண்டுமா?

நீங்களும் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவராகத்தான் இருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை. வேலூரில் காட்பாடி - பாகாயம் ரூட்டில் 11 வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆட்டோக்காரனுக்கு நரம்பைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், வலி வந்தது எனக்கு.

பிரேக்கை மிதித்தால் வலது புட்டத்தில் சுருக்கென்று ஆரம்பித்து, தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்கால் வரை ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். மாமியார் வாயு என்றார். மச்சான் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள் என்றான். அது எலும்பு முறிந்தவர்கள் போகிற இடம், எனக்கு எது முறிந்தது? கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களைத் தினமும் ஸ்டேஷனில் ஏற்றுகிறவன், மூன்று மாதம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஸ்கேன். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாத பலருக்கும் இந்த வயதில் இப்படித் தெரியும் என்று சொல்லி டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

"ஆட்டோல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்கண்ணா" என்றது அங்கிருந்த பெண். இடப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். (முன்னால் ஆள் ஏற்றுவது தப்புதான். கேஸ் விலையைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.) "பின் பாக்கெட்ல என்ன?" பர்ஸை எடுத்து மேஜையில் வைத்தேன், இரண்டு விரல் தடிமன். உடம்பிலேயே தடித்த நரம்பான சயாட்டிக், புட்டத்துச் சதைக்கு அடியில்தான் காலுக்கு இறங்குகிறதாம். அதன் மேல் இதை வைத்து, இடுப்பையும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

பர்ஸ் ஏன் தடித்தது? பத்து ரூபாய் நாணயம். 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. என்னிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறார்கள். நான் மீதி கொடுத்தால் மட்டும் "இது செல்லாதுப்பா, நோட்டா குடு". டீக்கடையிலும் இதே கதை. எல்லாம் என் புட்டத்துக்கடியில்தான் சேர்ந்தது.

சரி, உங்கள் கேள்வி. படுத்தே கிடக்காதீர்கள். வலி உச்சத்தில் ஓரிரு நாள் ஓய்வு எடுக்கலாம், அதற்கு மேல் படுத்தால் இடுப்பு விறைத்துப் போகும். நான் பர்ஸை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ட்ரிப் முடிந்ததும் இறங்கி நடந்தேன், சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் செய்தேன். வலி முதலில் கெண்டைக்காலை விட்டது, பிறகு தொடையை. ஏழாவது வாரம் புட்டத்திலும் இல்லை. எல்லாருக்கும் பர்ஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் ஜவ்வுதான். ஆனால் சிறுநீர் போவதில் சிக்கல், உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நாணயங்கள் இப்போது சீட்டுக்கடியில் ஹார்லிக்ஸ் டப்பாவில் இருக்கின்றன. டப்பா நிறைந்துவிட்டது.