டைகோகுவில் யாரும் டிரிஃப்ட் அடிப்பதில்லை

"ஜப்பானில் மாடிஃபை செய்த கார்கள் இவ்வளவு ஓடுகின்றனவே, ரோட்டில் டிரிஃப்ட் வேறு அடிக்கிறார்கள், போலீஸ் ஒன்றும் கேட்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் யோகோஹாமா பக்கம் வேலை பார்க்கிறேன். நேரம் கிடைக்கிற ஞாயிறுகளில் நண்பரின் வண்டியில் டைகோகு போய்விடுவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கார் கூட்டம் வேறு, வளைவில் பின்சக்கரங்களை வழுக்கவிட்டு ஓட்டுகிற டிரிஃப்டிங் வேறு. வீடியோ பார்ப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

டைகோகு என்பது கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில், விரைவுச்சாலையில் போகிறவர்கள் இளைப்பாறக் கட்டிய ஒரு பார்க்கிங். கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம், வெண்டிங் மெஷின்கள், அவ்வளவுதான். விரைவுச்சாலை வழியாக மட்டுமே உள்ளே வரலாம், நடந்து வர வழி கிடையாது. தலைக்கு மேல் பாலங்கள் சுற்றிச் சுற்றி இறங்குவதால், வண்டி கண்ணில் படும் முன்பே சத்தம் வந்துவிடும். காபி டின்னோடு நிற்கிறவர்கள், மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் ரோட்டரி எஞ்சினா, நிஸான் ஸ்கைலைனா என்று காதாலேயே சொல்லிவிட்டு அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை 1970 வாக்கில் வந்த ஸ்கைலைன் ஒன்றின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார் ஒரு பெரியவர். மூன்று கார்புரேட்டர்களும் பளபளவென்று இருந்தன. பக்கத்திலேயே அனிமே பெண்ணின் படம் ஒட்டிய குட்டி வேன். பெரியவரும் வேன்காரரும் ஒருவர் வண்டியை ஒருவர் குனிந்து பார்த்து, தலையாட்டிக்கொண்டார்கள். எனக்கு டைகோகு பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். லம்போர்கினிகளும் வரும், அவற்றைச் சுற்றி செல்போன் கூட்டம்தான் அதிகம்.

சரி, சட்டம். வண்டியை மாடிஃபை செய்வதே ஒரு குற்றம் இல்லை. நம் ஊரில் லாரிக்கும் வாடகைக் காருக்கும் எஃப்.சி. காட்டுவது போல, இங்கே சொந்தக் காருக்கும் 'ஷாகென்' என்ற சோதனை உண்டு. புது வண்டிக்கு 3 வருடம் கழித்து, பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும், சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது, சைலன்சர் சத்தத்துக்கும் எல்லை உண்டு. 1995இல் விதிகள் தளர்ந்த பிறகு, இந்த வரம்புக்குள் செய்ய நிறையவே இடம் இருக்கிறது. மீறிய வண்டிகளும் வருகின்றன என்பது வேறு கதை. கூட்டம் மிஞ்சினால் போலீஸ் ஒலிபெருக்கியில் 'பார்க்கிங்கை மூடுகிறோம்' என்று அறிவிக்கும். யாரும் வாதாடாமல் கிளம்பிவிடுவார்கள். வார இறுதி இரவுகளில் இது சகஜம்.

டிரிஃப்டிங் பிறந்த இடம் வேறு. 1961இல் மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானியரான குனிமிட்சு தகாஹாஷி, பின்னாளில் கார் பந்தயத்துக்கு வந்து, வளைவுகளில் பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓட்டினார். அதைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகியவர், பின்னாளில் 'டிரிஃப்ட் கிங்' என்று பெயர் பெற்ற கெய்ச்சி சுச்சியா. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏஇ86 காருக்கு வெறும் 1.6 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் எடை குறைவு, பின்சக்கர இழுவை, அன்றைக்கு விலையும் மலிவு. அந்த மலைப்பாதைகள் பலவற்றில் இன்று நடுக்கோட்டில் கம்பங்களும், வளைவுகளில் சக்கரத்தை உதறவைக்கும் மேடுகளும் போட்டிருக்கிறார்கள். பொது ரோட்டில் மாட்டினால் லைசென்ஸ் தப்பாது.

2000களின் தொடக்கத்தில் டி1 என்ற தொழில்முறை டிரிஃப்ட் போட்டி தொடங்கியபின் இது மைதான விளையாட்டாகவே ஆகிவிட்டது. பார்க்க வேண்டுமென்றால் ஃபுகுஷிமாவின் எபிசு சர்க்யூட்டுக்குப் போங்கள். மலைச்சரிவில் பல ஓடுபாதைகள். 2021 பிப்ரவரி நிலநடுக்கத்தில் மண் சரிந்து ஒரு பாதையை மூடியது. அப்படியும் நடத்துபவர்கள் இடத்தை விடவில்லை. வண்டியைச் சரிபார்க்கும் 'பிட்' பகுதியில் ஓட்டுகிறவர்கள் பம்பரை பிளாஸ்டிக் பட்டையால் கட்டியபடி, பின் டயர் கம்பி தெரியும்வரை ஓட்டிவிட்டு, ஜாக்கி போட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். முன் டயர் கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கும்.

ஒரு வருத்தம் உண்டு. மாணவர்கள் சேமித்து வாங்கிய நிஸான் சில்வியாவெல்லாம் இப்போது எட்டாத விலை. 25 வருடம் தாண்டிய காரை அமெரிக்காவில் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்பதால் கப்பல் கப்பலாகப் போகின்றன. இங்கே புதிதாகப் பழக வரும் பையனுக்கு மிஞ்சுவது துருப்பிடித்ததுதான்.

டைகோகு வருவதாக இருந்தால் ஞாயிறு காலையில் வாருங்கள். கேட்காமல் காரைத் தொடாதீர்கள். வாடகைக் காரை எடுத்து வந்து எஞ்சினை உறுமவிட்டுப் படம் எடுக்காதீர்கள். அந்த ஒலிபெருக்கி அறிவிப்பு சீக்கிரம் வருவது இப்படிப்பட்டவர்களால்தான்.