வானவில்லுக்குப் பதில் சேறு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உடைந்த கிரேயான்களை உருக்கிப் புதுக் கட்டிகள் வார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, லீவுக்கு வந்த பேரன் பேத்தியோடு நானும் உட்கார்ந்தேன். வீட்டில் சேர்ந்திருந்த துண்டுகளே ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு அடுப்பில் உருக்கி ஊற்றினோம். வானவில் வரும் என்று பார்த்தால் சேறு வந்தது. அதிலும் ஒரு பக்கம் இறுகவே இல்லை, கையில் ஒட்டுகிறது. மேலே வெள்ளையாக ஏடு வேறு. "பாட்டி, இது சாணி" என்று சொல்லிவிட்டுப் பேரன் போனை எடுத்துக்கொண்டான். எங்கே தப்பு செய்தேன்? மிச்சத் துண்டுகளை மெழுகுவத்தியாகவாவது ஆக்கலாமா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

வருத்தப்படாதீர்கள். எங்கள் வீட்டிலும் முதல் தடவை சாணிதான். நானாவது உங்களைவிட ஒரு படி மேலே போனவன். குழி வாகாக இருக்கிறதே என்று இட்லித் தட்டில் ஊற்றினேன். அதில் துளை உண்டு என்பது ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரம்மாள் அந்தத் தட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

உங்கள் பாட்டிலில் ஆயில் பேஸ்டல் கலந்திருக்கும். கடையில் எல்லாவற்றையும் கிரேயான் என்றே கொடுத்துவிடுகிறார்கள். அசல் மெழுகுக் கிரேயான் என்பது பாரஃபின் மெழுகும் நிறப்பொடியும். நகத்தால் கீறினால் செதில் செதிலாக வரும். பேஸ்டலில் எண்ணெய் சேர்ந்திருப்பதால் தொட்டாலே விரலில் மை போல ஈஷிக்கொள்ளும், உருக்கினால் சரியாக இறுகாது. ரப்பரால் அழிக்க முடிகிற பிளாஸ்டிக் கிரேயானும் இதற்கு உதவாது. துண்டுகளை முதலில் பிரித்துவிடுங்கள். மெழுகுத் துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் காகிதம் தானாகக் கழன்று வரும். பிறகு ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

ஏடு வந்தது சூடு அதிகமானதால். பாரஃபின் உருக ஏறக்குறைய 60 டிகிரி போதும். அதற்கு மேல் கொதிக்க விட்டால் நிறப்பொடி அடியில் தங்கி, வெறும் மெழுகு மேலே வந்துவிடும். தவிர, மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

சரி, சேறு? சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றாகக் கரைந்தால் வேறென்ன வரும்! நான் இப்போது உருக்கி ஊற்றுவதையே விட்டுவிட்டேன். கேக் செய்கிற சிலிக்கோன் அச்சில் நாலைந்து நிறத் துண்டுகளை அடுக்கி, கறுத்துப்போன பழைய இரும்புத் தட்டில் வைத்து, மேலே கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வைத்துவிடுகிறோம். பூட்டிய காருக்குள் விட்ட கிரேயான் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வடாத்துக்குக் காவல் இருப்பது போலப் பிள்ளைகள் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்கள். கலக்காமல் விட்டால் நிறங்கள் ஓரங்களில் மட்டும் ஒன்றோடொன்று இழையும். தட்டை அசைக்காமல் நிழலுக்கு நகர்த்தி, ஆறியதும் அச்சைத் திருப்பி அழுத்தினால் கட்டி விழும். தட்டைத் தூக்குவது மட்டும் பெரியவர் வேலை. அந்த அச்சில் திரும்பவும் கேக் செய்யாதீர்கள்.

மெழுகுவத்தி வேண்டாம். நிறப்பொடி திரியை அடைத்துக்கொள்ளும், புகைந்து அணைந்துபோகும்.

ஆனால் அந்தச் சேற்றுக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுச் சாணியைப் பேத்தி எடுத்து என் முழங்கையோடு வைத்துப் பார்த்தாள். "தாத்தா கலர்!" அவள் பெட்டியில் 'ஸ்கின்' என்று ஒரு குச்சி உண்டு. ரோஸ் நிறம். எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் 1903 முதல் கிரேயான் விற்கும் கிரயோலா கம்பெனியும் இப்படி ஒரு குச்சிக்கு 'ஃப்ளெஷ்', அதாவது சதை நிறம் என்று பெயர் வைத்திருந்தது. 1962இல் அதை 'பீச்' என்று பழத்தின் பெயருக்கு மாற்றினார்கள். பேத்திக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவளுக்கு என் கையை வரைய ஒரு குச்சி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவள் வரைந்த படங்களில் நான் ரோஸாகத்தான் இருந்தேன்.

உங்கள் கட்டியில் இறுகிய பக்கத்தை வெட்டிப் பேரனிடம் கொடுங்கள். ஒட்டுகிற பக்கத்தை விரலால் தொட்டு அட்டையில் தேய்க்கலாம். மரப்பட்டை, யானைத் தோல் இரண்டுக்கும் பொருத்தமாக இருக்கும்.

எங்களிடம் தாத்தா கலர் இப்போது சுண்டுவிரல் அளவுதான் மிச்சம். அடுத்தது பாட்டி கலராம். அதற்கு மஞ்சள் எத்தனை துண்டு போடுவது என்று பாட்டிக்கும் பேத்திக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.