ஐந்தரை மணிக்குப் பூட்டிய மேசை

கேள்வி: முப்பத்து நான்கு ஆண்டுகள் செங்கல்பட்டிலிருந்து பாரிமுனைக்கு மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய்வந்தவன் நான். வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னதும், ஐ.டி.யில் இருக்கும் என் மகன் அந்தமான் சிறைக்கு அனுப்பியதுபோல் புலம்புகிறான். இது சோம்பல்தானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், செங்கல்பட்டு

பதில்: கடற்கரை நிலையம்வரை 60 கிலோமீட்டர் தொங்கினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் மாலை ஐந்தரைக்கு மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்களே, அதற்குப் பிறகு எந்தக் கோப்பாவது உங்களைத் தேடிச் செங்கல்பட்டுக்கு வந்ததா? தாம்பரம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தால் சீட்டுக்கட்டு, இல்லையென்றால் அரட்டை. அந்த நேரம் உங்களுடையது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறாள், வேலை சோழிங்கநல்லூரில். காலை ஏழரைக்கு ஸ்கூட்டரை எடுத்தால், மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்கு நட்ட தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக நகர வேண்டும். போய்ச் சேர்ந்து இருக்கையில் உட்கார்ந்ததும் என்ன செய்கிறாள் தெரியுமா? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புனேயில் ஒருவரோடும் நொய்டாவில் ஒருவரோடும் பேசுகிறாள். அவள் வரிசையில் இருப்பவர்களில் ஒருவர்கூட அவள் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. இரவு எட்டுக்கு வீடு திரும்பி, அவசரமாக இரண்டு தோசையை விழுங்கிவிட்டு, ஒன்பதுக்கு அமெரிக்க வாடிக்கையாளருடன் மறுபடியும் கூட்டம். அதற்கு மட்டும் வீடு போதுமாம்!

2020-இல் டி.சி.எஸ். என்ன சொன்னது? 2025-க்குள், ஒரே நேரத்தில் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்றது. 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரவேண்டும் என்றது. நிறுவனம் மனம் மாறலாம். அந்தப் பேச்சை நம்பிச் சொந்த ஊரில் வீட்டுக் கடன் வாங்கியவனைச் சோம்பேறி என்பதுதான் அநியாயம்.

வழிப் பயணமும் வேலையோடு சேர்ந்ததுதான் என்பதை நம் சட்டமே ஓரளவு ஏற்றிருக்கிறது. பணிக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும், பணியோடு தொடர்பு இருந்தால், பணிக்காயமாகக் கருதலாம் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் ஒரு பிரிவையே சேர்த்தார்கள். கை கால் முறிந்தால் அது வேலைக் கணக்கு. முறியாமல் போய்ச் சேர்ந்தால் அந்த இரண்டு மணி நேரம் யார் கணக்கு?

இதற்காக, அலுவலகமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. எங்கள் பிழைதிருத்துநர் எதிர் மேசையிலிருந்து "ஐயா, இங்கே வல்லினம் மிகாது" என்று சத்தம் போட்டுத் திருத்தியதில்தான் நான் பாதித் தமிழ் கற்றேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மேசை கட்டாயம் வேண்டும். பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள். ஆளே இல்லாத வரிசையில் உட்காரவைக்க எதற்குச் சோழிங்கநல்லூர்?

இன்று இரவு ஒன்பதரைக்கு உங்கள் மகனின் அறைக் கதவு சாத்தியிருந்தால், தட்டாமல் வெளியே கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். அப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.