கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் பத்துக் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா?

கேள்வி: எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். அடுத்த மாதத்திலிருந்து பத்துக் கட்டளைகளை வாரத்துக்கு ஒன்றாக எடுக்கத் திட்டமிட்டிருந்தேன். சபையார் ஒருவர், “நாம் நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது மோசேயின் சட்டத்துக்கு, கீழ்ப்பட்டவர்கள் அல்ல, பிள்ளைகளின் கழுத்தில் பழைய நுகத்தை வைக்காதீர்கள்” என்று தடுத்தார். “அதைக் கைக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், பன்றி இறைச்சியை ஏன் விலக்குவதில்லை? சனிக்கிழமையை ஏன் ஆசரிப்பதில்லை?” என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாடத்தை நடத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தாராளமாக நடத்துங்கள். ஒழுக்கத்தைக் குறித்த தேவனுடைய கட்டளைகள் இன்றைய கிறிஸ்தவனையும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றைக் கைக்கொள்வதால் அவன் இரட்சிக்கப்படுவதில்லை. இரட்சிக்கப்பட்டுவிட்டதால் அவற்றுக்குக் கீழ்ப்படியும் கடமையிலிருந்து விடுபடுவதும் இல்லை. உங்களைத் தடுத்தவர் மனதில் வைத்திருக்கும் வசனம் சரியானதே. அதை அவர் வாசித்து நிறுத்திய இடம்தான் சரியில்லை.

“நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது” என்பது ரோமர் 6:14. இப்படிச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று பவுலுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே 15ஆம் வசனத்தில் அதை அவரே எழுப்பி, “பாவஞ்செய்யலாமா? கூடாதே” என்று முடிக்கிறார். இங்கே சற்று நிதானிக்க வேண்டும். பாவம் இன்னதென்று நியாயப்பிரமாணத்தினாலேயே தான் அறிந்ததாகவும், “இச்சியாதிருப்பாயாக” என்ற கட்டளை இல்லாவிட்டால் இச்சை பாவம் என்றே தெரிந்திருக்காது என்றும் அடுத்த அதிகாரத்தில் அவர் எழுதுகிறார். அளவுகோலை எடுத்துவிட்டால், “பாவஞ்செய்யலாமா, கூடாதே” என்ற அந்த வாக்கியத்துக்கே பொருள் இல்லாமல் போகும்.

அப்படியானால் “கீழ்ப்பட்டிராமல்” என்பதற்கு என்ன பொருள்? ரோமர் 8ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள் அதை விளக்குகின்றன. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை. மேலும், ஆவியின்படி நடக்கிறவர்களிடத்தில் நியாயப்பிரமாணத்தின் நீதி நிறைவேறும்படிக்கே தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார். அதாவது, நம்மேல் தண்டனை கூறும் அதிகாரத்தையும், நம்மை நீதிமான்களாக்கும் வழி என்ற இடத்தையும் நியாயப்பிரமாணம் இழந்திருக்கிறது. தேவனுக்குப் பிரியமான வாழ்க்கை எது என்று காட்டும் இடத்தை அது இழக்கவில்லை.

“நுகம்” என்ற சொல்லையும் அது எழுந்த இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில், விருத்தசேதனம் பண்ணப்படாவிட்டால் புறஜாதியார் இரட்சிக்கப்படமாட்டார்கள் என்று சிலர் போதித்தபோதே பேதுரு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் அந்த நுகத்தை நீக்கினார்கள். நீக்கிய அதே கடிதத்தில், வேசித்தனத்துக்கு விலகியிருக்கும்படியும் எழுதினார்கள். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று முரணாக அவர்கள் கருதவில்லை.

இனி அவருடைய இரண்டாவது கேள்வி. இதுவே கடினமானது, நேர்மையான கேள்வியும்கூட. சிலவற்றைக் கைக்கொண்டு சிலவற்றை விடுவதற்கு நமக்கு என்ன அளவுகோல்? இதற்கு விளக்கம் சொல்லுமுன் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவது நல்லது. 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வசனங்கள்தான்.

கொரிந்து சபையார் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள். அங்கே ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தான். சபையோ அதற்காகத் துக்கப்படாமல் இறுமாப்படைந்திருந்தது. “தகப்பனுடைய மனைவி” என்பது லேவியராகமம் 18:8-இன் சொல். சீனாய் மலையடியில் ஒருபோதும் நின்றிராத மக்களின் சந்ததியான அந்தச் சபையாரிடம், அந்த விலக்கு தங்களைக் கட்டுப்படுத்துமா என்ற விவாதத்துக்கே பவுல் இடம் கொடுக்கவில்லை. ஒழுக்கக் கட்டளை அப்படியே நிற்கிறது.

ஆனால் தண்டனை? லேவியராகமம் 20:11 இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கிறது. பவுல் அதைக் கேட்கவில்லை; அவனைச் சபையைவிட்டு விலக்கச் சொல்கிறார், அதுவும் கர்த்தருடைய நாளில் அவனுடைய ஆவி இரட்சிக்கப்படும்படியாக. அதிகாரத்தின் கடைசி வரியான “அந்தப் பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்” என்பது உபாகமத்தில் மரண தண்டனைகளோடு திரும்பத் திரும்ப வரும் தொடரின் எதிரொலி. இஸ்ரவேல் ஒரு நாடாக இருந்தபோது கல்லெறிதலாக இருந்தது, நாடு அல்லாத சபையில் சபைநீக்கமாக மாறியிருக்கிறது. குற்றம் குற்றமாகவே இருக்கிறது. நாட்டின் தண்டனைச் சட்டம் மட்டும் அந்த நாட்டோடு முடிந்துவிட்டது.

நடுவில், எகிப்திலிருந்து கிடைத்த மீட்பை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை வருகிறது. யாத்திராகமம் 12-இன்படி ஏழு நாள் வீட்டில் புளித்த மா இருக்கக் கூடாது. கொரிந்தியரின் மாப்பாத்திரங்களைத் துடைக்கும்படி பவுல் சொல்லவில்லை. நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டாயிற்று என்கிறார். ஆகவே துர்க்குணம், பொல்லாப்பு என்னும் புளித்தமாவை நீக்கிப் பண்டிகையை ஆசரிப்போம் என்கிறார். சடங்கு தன் நோக்கத்தை எட்டி நின்றுவிட்டது. அது சுட்டிய பொருள் நிற்கவில்லை. ஒழுக்கம், நாட்டுச் சட்டம், சடங்கு ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தில், ஒரே மனிதனுடைய காரியத்தில், மூன்று விதமாகக் கையாளப்படுகின்றன. முழுச் சட்டமும் ஒழிந்துபோயிருந்தால் அவனைக் கண்டிக்க லேவியராகமத்தின் சொல் தேவைப்பட்டிராது. முழுச் சட்டமும் அப்படியே நீடித்திருந்தால் அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான்.

இந்த மூன்று வகைப் பிரிவை 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் விரிவாக எழுதினார். சீர்திருத்தச் சபைகளும் அதை ஏற்றன. 1646-இல் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 19ஆம் அதிகாரத்தில் அது தெளிவாக இடம்பெற்றது. ஆனால், வசனங்களின் தலையில் இப்படி எந்த முத்திரையும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “பிறனிலும் அன்புகூருவாயாக” என்பது லேவியராகமம் 19:18. இருவகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்பது அதற்கு அடுத்த வசனம். முன்னதை இயேசு இரண்டாம் பிரதான கற்பனை என்றார். பின்னதை இன்று யாரும் தம் சட்டையின் துணியில் தேடுவதில்லை. என் கருத்தில், இந்தப் பிரிவை ஒரு வாசிப்புக் கருவியாக எடுத்துக்கொள்வதே சரி. அதை வைத்து வசனங்களை இயந்திரம் போலப் பிரிக்க முயன்றால் தடுமாறுவோம். ஒவ்வொரு சட்டத்தையும், கிறிஸ்துவிடத்தில் அது என்னவாயிற்று என்று கேட்டு வாசிக்க வேண்டும்.

பன்றி இறைச்சிக்கு அப்படிக் கேட்டால் பதில் எளிது. ஆகார விலக்குகளை இஸ்ரவேலை மற்ற ஜனங்களிலிருந்து பிரித்துவைத்ததோடு லேவியராகமம் 20:24-26 இணைக்கிறது. அந்தப் பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது எபேசியர் 2. எல்லா ஆகாரமும் சுத்தம் என்பது மாற்கு 7-லும், பேதுருவின் தரிசனத்திலும் வெளிப்படையாகவே வருகிறது. கொலை செய்யாதிருப்பாயாக, விபசாரம் செய்யாதிருப்பாயாக என்பவற்றுக்கு அப்படி ஒரு முடிவு எங்கும் சொல்லப்படவில்லை. மாறாக, இயேசு மத்தேயு 5-இல் அவற்றைக் கோபம் வரைக்கும் பார்வை வரைக்கும் கொண்டுபோகிறார்.

நாட்டுச் சட்டங்களையும் வீணென்று ஒதுக்கிவிடக் கூடாது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், இல்லையேல் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22:8 சொல்கிறது. சரிவான கூரையுள்ள வீட்டுக்கு அந்தச் சுவர் வேண்டாம். ஆனால் தன் அலட்சியத்தால் பிறன் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பது மாடிப்படியில் சிந்திய எண்ணெய்க்கும் பொருந்தும். ஆறாம் கட்டளை பாடத்தில் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வசனத்தைக் காட்டினாலே போதும். கத்தியும் துப்பாக்கியும் இல்லாமலேயே கொலைப்பழி வரலாம் என்று உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சபையார் சொன்னது புதிய எதிர்ப்பும் அல்ல. லூத்தரின் காலத்திலேயே, 1537-இல், அவருடைய நெருங்கிய தோழரான யோகான் அக்ரிகோலா, மனந்திரும்புதலைச் சுவிசேஷத்தைக் கொண்டே போதிக்க வேண்டும், சபையில் நியாயப்பிரமாணத்துக்கு இடமில்லை என்று வாதிட்டார். கிருபையைக் குறித்து அவ்வளவு எழுதிய லூத்தரே அதைக் கடுமையாக எதிர்த்துப் பொது விவாதங்கள் நடத்தினார். கால்வினோ, விசுவாசிகளுக்கு வழிகாட்டுவதே நியாயப்பிரமாணத்தின் முதன்மையான பயன் என்றார். வேறொரு தரப்பும் உண்டு: மோசேயின் உடன்படிக்கை முழுவதும் முடிந்துவிட்டது, நம்மைக் கட்டுப்படுத்துவது “கிறிஸ்துவின் பிரமாணம்” மட்டுமே என்பார்கள். அவர்களும் திருடலாம் என்று சொல்வதில்லை. பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளையை எபேசு சபையின் பிள்ளைகளுக்குப் பவுல் நேராக எடுத்துச் சொல்வதை (எபேசியர் 6:1-3) அவர்களும் ஏற்கிறார்கள். நடைமுறையில் இரு தரப்பும் பெரிதும் வேறுபடுவது ஓய்வுநாளில்தான்.

எனினும் உங்களைத் தடுத்தவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. கட்டளைகளை மதிப்பெண் பட்டியலாக நடத்தினால் அவர் அஞ்சுவதே நடக்கும். மனப்பாட வசனத்துக்கு நட்சத்திரம் ஒட்டும் வகுப்பில், “இதைச் செய்தால் இயேசு உன்னை நேசிப்பார்” என்ற ஒரு வாக்கியம் ஆசிரியர் வாயிலிருந்து எளிதாக வந்துவிடும். பிள்ளை அதைப் பல வருடங்கள் சுமக்கும். இதற்குத் தடுப்பு யாத்திராகமத்தின் வரிசையிலேயே இருக்கிறது. ஆட்டுக்குட்டியின் இரத்தம் 12ஆம் அதிகாரத்தில், செங்கடல் 14-இல், கட்டளைகள் 20-இல். கட்டளைகளும் “வேண்டாம்” என்று தொடங்கவில்லை. “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே” என்று தொடங்குகின்றன. 1563-இல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை பத்துக் கட்டளைகளை மனிதனின் பரிதாப நிலையைப் பேசும் முதல் பகுதியில் அல்ல, மீட்புக்குப் பின்வரும் நன்றியைப் பேசும் மூன்றாம் பகுதியில் வைத்து விளக்குகிறது. ஆகவே முதல் வாரத்தில் எந்தக் கட்டளையையும் எடுக்காமல், “கர்த்தர் நானே” என்ற அந்த யாத்திராகமம் 20:2-ஐ மட்டும் நடத்துங்கள்.

ஒவ்வொரு கட்டளையிலும் “செய்யாதே” என்பதோடு நின்றுவிடாதீர்கள். எபேசியர் 4:28-இல் திருடனுக்குப் பவுல் சொல்வதைப் பாருங்கள்: இனித் திருடாமல், தன் கைகளினால் வேலைசெய்து, குறைவுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாக உழைக்கட்டும். எடுக்கும் கை நின்றால் மட்டும் போதாது, கொடுக்கும் கையாக மாறும்போதே அந்தக் கட்டளை நிறைவேறுகிறது. கட்டளையை மீறிவிட்டேன் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், அன்றைக்கு ரோமர் 8:1-ஐ வாசித்துக் காட்டுங்கள். அதற்காகக் கட்டளையைச் சிறிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறு குறிப்பு ஒன்று: பழைய மொழிபெயர்ப்பில் வரும் “கற்பனைகள்” என்ற சொல்லைப் பிள்ளைகள் கட்டுக்கதை என்ற பொருளில் எடுத்துக்கொள்வார்கள்; முதல் நாளே விளக்கிவிடுங்கள். இன்னொன்று, கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கட்டளைகளை எண்ணும் முறை மற்றப் புராட்டஸ்டண்ட் சபைகளின் முறையிலிருந்து மாறுபடும். நான் இங்கே ஆறாம் கட்டளை என்றது அவர்களுக்கு ஐந்தாவது.

மிஞ்சுவது சனிக்கிழமை. “ஓய்வுநாள் பாடசாலை” என்ற பெயரை ஞாயிறு வகுப்புக்கு வைத்திருக்கிற நாம் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையையே ஆசரிக்கிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மரபு, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலால் நாள் வாரத்தின் முதல் நாளுக்கு மாறியது, ஓய்வின் கடமை நீடிக்கிறது என்கிறது. கொலோசெயர் 2:16-17-ஐக் காட்டி, ஓய்வுநாள் கிறிஸ்துவில் நிறைவேறிய நிழல், ஆராதனைக்கும் இளைப்பாறுதலுக்கும் நேரம் ஒதுக்குவதே அதில் நிலைத்திருப்பது என்பார் மற்றொரு சாரார். இதில் நான் இரண்டாவதாகச் சொன்ன நிலைக்கு அருகில் இருக்கிறேன். ஆனால் உங்கள் வகுப்பில் என் கருத்தை நடத்த வேண்டாம். அந்த வாரத்துப் பாடத்தை எழுதுமுன் உங்கள் போதகரிடம் சபையின் போதனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடுத்த அந்தச் சபையாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.